சேவ் பண்ணியும் சேர்வர் எழும்பவில்லை (நோட்மொன், டொக்கர், விண்டோஸ்)

வெள்ளவத்தை_தம்பி | திங்கள் இரவு 9.40

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். சின்னக் கம்பனி, ஆறு பேர். நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸில் எழுதிய ஏபிஐ ஒன்றை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒபிஸில் எல்லோரும் மெக், எனக்கு மட்டும் விண்டோஸ் 11 லெப்டொப். அதில் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்), டொக்கர் டெஸ்க்டொப் (அப்பைக் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவிடுவது), விஎஸ் கோட் எடிட்டர். பைல் மாறினால் சேர்வரைத் தானாக ரீஸ்டார்ட் பண்ணும் நோட்மொன் கொன்டெய்னருக்குள் ஓடுகிறது.

மற்றவர்கள் பைலைத் திருத்திச் சேவ் பண்ணியதும் டேர்மினலில் 'மாற்றம் வந்தது, ரீஸ்டார்ட் பண்ணுகிறேன்' என்ற வரி ஓடுகிறது. என்னுடையது கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது. இன்றைக்கு விலைப் பட்டியலில் 'எல்கேஆர்' என்று வருவதை 'ரூ.' என்று மாற்றினேன். பிரவுசரில் எல்கேஆர்தான். திரும்பச் சேவ். திரும்பவும் எல்கேஆர். கொன்டெய்னருக்குள் புகுந்து பைலைத் திறந்து பார்த்தால் அங்கே 'ரூ.' இருக்கிறது! பைல் மாறிவிட்டது, நோட்மொனுக்கு மட்டும் செய்தி போகவில்லை.

கையால் கொன்டெய்னரை நிறுத்தி எழுப்ப 20 விநாடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எண்ணினேன், 41 தடவை. நோட் மொட்யூல்ஸ் போல்டரை அழித்துத் திரும்பப் போட்டேன், நோட்மொனைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன், கடைசியில் லெப்டொப்பையே ரீஸ்டார்ட் பண்ணினேன். ஒன்றும் சரிவரவில்லை.

கொட்டாஞ்சேனை_அண்ணை | திங்கள் இரவு 9.58

தம்பி, ஒரே ஒரு கேள்வி. புரொஜெக்ட் போல்டர் எங்கே கிடக்கிறது? சி டிரைவிலா, டபிள்யூஎஸ்எல்லுக்கு உள்ளேயா?

வெள்ளவத்தை_தம்பி | திங்கள் இரவு 10.01

சி டிரைவ். டெஸ்க்டொப்பிலேயே.

கொட்டாஞ்சேனை_அண்ணை | திங்கள் இரவு 10.24

அப்ப அதுதான். நோட்மொன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நோட்மொன் உன் பைல்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஓப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கேர்னலிடம் 'இந்தப் போல்டரில் ஏதாவது மாறினால் சொல்லு' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். லினக்ஸில் அந்த ஏற்பாட்டின் பெயர் ஐநோட்டிஃபை, 2005இல் 2.6.13 கேர்னலோடு வந்தது. மெக்கில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ். விண்டோஸில் அதற்கென்று வேறொரு வழி. மூன்றும் மூன்று தனித்தனி ஆட்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது.

நீ வெள்ளவத்தையில் அபார்ட்மென்டில்தானே இருக்கிறாய்? பார்சல் வந்தால் கோல் பண்ணச் சொல்லி கீழே செக்கியூரிட்டி ஐயாவிடம் சொல்லி வைப்பாய். உன் கதையில் பார்சல் வருவது விண்டோஸ் கேட்டுக்கு. நீ சொல்லி வைத்திருப்பது பக்கத்துக் கட்டிடமான லினக்ஸின் செக்கியூரிட்டியிடம். அந்த மனிசன் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், அவருடைய கேட்டுக்கு ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

சி டிரைவை டபிள்யூஎஸ்எல்2 எட்டிப் பார்ப்பது 9பி என்ற புரொட்டொகோல் வழியாக. பைலின் உள்ளடக்கம் அதில் வந்து சேரும், அதனால்தான் கொன்டெய்னருக்குள் 'ரூ.' தெரிந்தது. விண்டோஸ் பக்கத்து எடிட்டர் சேவ் பண்ணியது என்ற செய்தி ஐநோட்டிஃபைக்கு வந்து சேராது. பைல்கள் லினக்ஸ் பைல் சிஸ்டத்திலேயே இருந்தால்தான் கொன்டெய்னருக்கு அந்தச் செய்தி கிடைக்கும்.

வழி இரண்டு. அவசரத்துக்கு: நோட்மொனுக்குப் பின்னால் ஹைபன், பெரிய எல் போட்டு ஓடவிடு. அது செக்கியூரிட்டியை நம்பாமல் தானே அடிக்கொரு தடவை கீழே இறங்கிப் பார்க்கும் முறை. போலிங் என்பார்கள். நிரந்தரத்துக்கு: போல்டரையே டபிள்யூஎஸ்எல்லின் ஹோமுக்குள் கொண்டுபோ.

தெமட்டகொடை_நானா | திங்கள் இரவு 10.41

அண்ணையின் செக்கியூரிட்டி உதாரணத்துக்கு ஒரு வால். நோட்மொன் உள்ளே வைத்திருக்கும் லைப்ரரியின் பெயர் சொக்கிடார். ஹிந்தியில், உருதுவில் சௌக்கிதார் என்றால் காவலாளி. ஆகவே நீங்கள் சொன்னது உதாரணமே இல்லை, உத்தியோகப் பெயர்.

நான் ஜாவா ஆள், இந்தக் கவலைகள் வேறு ரகம். பிறகு வந்து சொல்கிறேன்.

பழைய_பிஎச்பி | செவ்வாய் காலை 7.15

காலைத் தேத்தண்ணியோடு வாசித்தேன். சிரிப்பாக இருக்கிறது. பிஎச்பியில் பைலைச் சேவ் பண்ணு, பிரவுசரில் எஃப்5 அடி, முடிந்தது. ஒவ்வொரு ரிக்குவெஸ்டுக்கும் ஸ்கிரிப்ட் புதிதாக ஓடும். எழுப்புவதற்கு அங்கே தூங்கிக்கிடக்கும் சேர்வர் என்று ஒன்று இல்லை. 20 வருஷத்துக்கு முன் தீர்ந்த பிரச்சினையை நீங்கள் திரும்பக் கண்டுபிடித்து, அதற்குக் காவலாளியும் வைத்திருக்கிறீர்கள்.

பம்பலப்பிட்டி_பைதன்காரி | செவ்வாய் காலை 8.02

பிஎச்பி ஐயா, கொம்பைல் பண்ணிய ஸ்கிரிப்டை மெமரியில் வைத்திருக்கும் ஓப்கேஷ் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டீர்கள். அது இயங்கும்போது பைல் மாறியதா என்று வழக்கமாக 2 விநாடிக்கு ஒரு தடவைதான் பார்க்கும். நேரமுத்திரை பார்ப்பதையே நிறுத்திவிட்ட சேர்வரில் நீங்கள் எஃப்5 விரல் தேயத் தேய அடித்தாலும் பழைய கோட்தான். யாரோ புரொடக்‌ஷனுக்கு என்று எழுதிய செட்டிங்கை அப்படியே டெவலப்மென்டுக்குக் கொப்பி பண்ணி ஒரு நாள் முழுக்கத் தொலைத்த ஆள் எங்கள் டீமில் உண்டு. (நான்தான்.)

பழைய_பிஎச்பி | செவ்வாய் காலை 8.10

அது வேறு கதை. ஆனால் சரி.

வெள்ளவத்தை_தம்பி | செவ்வாய் மத்தியானம் 12.35

அண்ணை, பெரிய எல் போட்டேன். வேலை செய்கிறது!!! 'ரூ.' வந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம். லெப்டொப்பின் ஃபேன் இப்போது பாணந்துறை பஸ் மாதிரி இரைகிறது. மேசையில் கை வைத்தால் சுடுகிறது. டாஸ்க் மனேஜரில் டபிள்யூஎஸ்எல்லின் விஎம் சிபியூவைத் தின்றுகொண்டிருக்கிறது. இது சாதாரணமா?

கொட்டாஞ்சேனை_அண்ணை | செவ்வாய் மத்தியானம் 1.05

சாதாரணம்தான். ஐந்தாம் மாடியிலிருந்து அடிக்கொரு தடவை கீழே இறங்கிப் பார்சல் வந்ததா என்று பார்த்தால் யாருக்கும் மூச்சு வாங்கும். சொக்கிடார் போலிங்கில் வழக்கமாக 100 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பைலின் திகதியையும் 9பி வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு விஷயம் செய். போலிங் இடைவெளியைக் கூட்டு, 1000 போட்டால் போதும், ஒரு விநாடி பிந்தி வந்தால் ஒருவரும் சாகப்போவதில்லை. அடுத்தது, நோட்மொனுக்கு முழுப் புரொஜெக்டையும் காட்டாதே. வாட்ச் என்பதில் கோட் இருக்கும் எஸ்ஆர்சி போல்டரை மட்டும் கொடு. நோட் மொட்யூல்ஸை அது தானாகவே ஒதுக்கும், ஆனால் உன் அப்லோட் போல்டரில் கிடக்கும் படங்கள் அதற்குத் தெரியாது.

இதுவும் தற்காலிகம்தான். போல்டரை நகர்த்து என்று நான் சொன்னதை நீ செய்யவில்லை, எனக்குத் தெரியும்.

ஹட்டன்_பையன் | செவ்வாய் மாலை 6.50

லினக்ஸுக்குப் போனால் எல்லாம் சுகம் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது, அதனால் என் கதையையும் வாசிக்கட்டும்.

சில வருஷத்துக்கு முன் தெஹிவளையில் போர்டிங்கில் இருந்தபோது நடந்தது. உபுண்டு போட்ட பழைய லெப்டொப், 256 ஜிபி. ஒரு நாள் டெவ் சேர்வரை ஓடவிட்டால் ஈநோஸ்பிசி, அதாவது 'சாதனத்தில் இடம் இல்லை' என்று விழுந்து செத்தது. சரி, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நினைத்தேன். டவுன்லோட் போல்டரைத் துடைத்தேன். அதே எரர். பழைய விஎம்களை அழித்தேன். அதே எரர். கடைசியில் அக்காவின் கலியாண வீடியோ, 40 ஜிபிக்கு மேல், 'ஹார்ட் டிஸ்கில் இன்னொரு கொப்பி இருக்கிறதுதானே' என்று அழித்தேன். அதே எரர். அப்புறம்தான் டிஎஃப் கொமாண்டை அடித்துப் பார்த்தேன். பாதி டிஸ்க் காலி.

இடம் இல்லை என்று அது சொன்னது டிஸ்கைப் பற்றியே இல்லை. ஐநோட்டிஃபையில் ஒரு யூசருக்கு இத்தனை காவல்தான் என்று ஓர் உச்ச எண் இருக்கிறது. பழைய கேர்னல்களில் அது 8192. ஐநோட்டிஃபை ஒரு போல்டரைப் பார்க்கச் சொன்னால் அதை மட்டும்தான் பார்க்கும், அதற்குள்ளே இருக்கும் போல்டர்களுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எடிட்டர் ஒரு பக்கம் காவல் போடும், டெவ் சேர்வர் ஒரு பக்கம், நான் மூன்று புரொஜெக்ட்டை ஒரே நேரம் திறந்து வைத்திருந்தேன். 8192 எந்த மூலைக்கு? எண் முடிந்ததும் கேர்னல் தன்னிடம் இருக்கும் எரர்களில் பொருத்தமான ஒன்றைத் தேடி 'இடம் இல்லை' என்று கொடுத்துவிட்டது.

சிஸ்கன்ட்ரோல் என்ற கேர்னல் செட்டிங்கில் மேக்ஸ் யூசர் வொட்சஸ் என்ற எண்ணை 524288க்கு ஏற்றினேன், ஒரு நிமிஷ வேலை. ஒரு காவலுக்கு 64 பிட் மெஷினில் கேர்னல் மெமரி ஏறத்தாழ 1 கேபி போகும், எண் முழுக்கப் பாவித்தால்தான் அது. 5.11 கேர்னலில் இருந்து ராமைப் பார்த்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது, அதனால் புதிய மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டீர்கள்.

அக்காவின் ஹார்ட் டிஸ்க் கொப்பியில் பாதி வீடியோ ஓடவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பம்பலப்பிட்டி_பைதன்காரி | செவ்வாய் இரவு 8.15

ஐயோ, அக்காவுக்குத் தெரியுமா?

ஹட்டன்_பையன் | செவ்வாய் இரவு 8.17

இந்த இழையை வாசிக்க மாட்டா என்று நம்புகிறேன்.

நாரஹேன்பிட்டி_இரவுப்பறவை | செவ்வாய் இரவு 11.30

எழும்பாத சேர்வரைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறீர்கள். எழும்பி எழும்பி விழுந்த சேர்வர் ஒன்றைப் பற்றி நான் சொல்கிறேன்.

நோட்மொன் வழக்கமாக ஜேஎஸ் பைல்களோடு ஜேசன் பைல்களையும் கவனிக்கும். எனக்கு அது தெரியாது. என் சேர்வர் எழும்பும்போது அந்நியச் செலாவணி வீதத்தை வெளியே ஒரு ஏபிஐயில் கேட்டு ரேட்ஸ் என்ற ஜேசன் பைலில் எழுதும். எங்கே எழுதினேன்? புரொஜெக்ட் போல்டருக்குள்ளேயே. சேர்வர் எழும்பியது, பைலை எழுதியது. நோட்மொன் பைல் மாறியதைக் கண்டு சேர்வரைக் கொன்று திரும்ப எழுப்பியது. சேர்வர் எழும்பியது, பைலை எழுதியது...

பகலில் செய்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான் இரவு ஒரு மணிக்கு அந்த வரியைச் சேர்த்துச் சேவ் பண்ணிவிட்டு, டேர்மினலைப் பார்க்காமல் மூடியைச் சாத்தாமல் படுத்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் அந்த ஏபிஐ 429 தந்துகொண்டிருக்கிறது, அதாவது 'அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டாய், போ'. மாதத்துக்குரிய இலவசப் பங்கு ஒரே இரவில் முடிந்தது. மீதி நாட்களுக்கு டொலர் வீதத்தைக் கையால் எழுதித்தான் டெஸ்ட் பண்ணினேன்.

சேர்வர் தானே எழுதும் எதுவும் (லொக், கேஷ், அப்லோட், எஸ்கியூலைட் பைல்) காவல் போடும் போல்டருக்கு வெளியே இருக்கட்டும். முடியாவிட்டால் இக்னோரில் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_அண்ணை | புதன் காலை 6.40

இதற்காகவும்தான் நான் எஸ்ஆர்சியை மட்டும் காட்டு என்றது. ஃபேன் ஒரு காரணம், இது பெரிய காரணம்.

பம்பலப்பிட்டி_பைதன்காரி | புதன் காலை 9.20

பைதனின் ஜாங்கோவில் இந்த வேலைக்குத் தனி டூல் தேவையில்லை, அதன் டெவ் சேர்வரான ரன்சேர்வருக்குள்ளேயே இருக்கிறது. அது வழக்கமாகக் கேர்னலிடம் கேட்பதில்லை. ஒரு விநாடிக்கு ஒரு தடவை பைல்களின் திருத்த நேரத்தைத் தானே பார்க்கும். தம்பியின் சி டிரைவ் பிரச்சினை அதனால் எங்களுக்கு வந்ததில்லை.

வந்தது வேறு. ரன்சேர்வர் ஓடும்போது உள்ளே இரண்டு புரோசஸ். ஒன்று காவலுக்கு நிற்கும், மற்றது உண்மையான சேர்வர். இரண்டும் உங்கள் அப்பை ஏற்றும். நான் அப் ஏற்றப்படும் இடத்தில், ரெடி என்ற ஃபங்ஷனுக்குள், ஒரு ஷெடியூலரைத் தொடக்கி வைத்திருந்தேன். டெஸ்ட் எஸ்எம்எஸ் ஒன்று கஸ்டமரின் மனேஜருக்குப் போக வேண்டும். இரண்டு போனது. 'பரவாயில்லை, நெட்வேர்க் பிரச்சினை' என்றேன். அடுத்த நாளும் இரண்டு. மூன்றாம் நாள் அவரே கோல் எடுத்து, 'தங்கச்சி, எனக்கு ஒரு தடவை சொன்னால் விளங்கும்' என்றார்.

உண்மையான சேர்வர் புரோசஸில் மட்டும் இருக்கும் ரன் மெயின் என்ற என்விரோன்மென்ட் வேரியபிள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் ஷெடியூலரைத் தொடக்கினேன், நின்றது. அவசரத்துக்கு நோரீலோட் என்ற ஒப்ஷனும் உண்டு.

தெமட்டகொடை_நானா | புதன் மத்தியானம் 1.40

சொன்னபடி வந்துவிட்டேன். ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் டெவ்டூல்ஸ் என்று ஒன்று. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'நானா, சேவ் பண்ணினேன், ஒன்றும் நடக்கவில்லையே?' நடக்காது. டெவ்டூல்ஸ் பார்ப்பது நீ எழுதும் ஜாவா பைலை அல்ல, கிளாஸ்பாத்தை, அதாவது கொம்பைல் ஆன பைல்கள் இருக்கும் இடத்தை. கொம்பைல் ஆகி கிளாஸ் பைல் மாறினால்தான் அது அசையும். இன்டெலிஜேயில் சேவ் போதாது, பில்டும் அடிக்க வேண்டும்.

அசைந்தால் நன்றாக அசையும். இரண்டு கிளாஸ்லோடர் வைத்திருக்கிறது. மாறாத லைப்ரரிகள் ஒன்றில், நம்முடைய கோட் மற்றதில். இரண்டாவதை மட்டும் தூக்கி எறிந்து புதிதாக வைக்கும், ஜேவிஎம் சாகாது. எங்கள் புரொஜெக்ட் முழுசாக எழும்ப ஒன்றரை நிமிஷம், இதில் பத்துப் பன்னிரண்டு விநாடி. பிளேன்டீ போட்டுக் குடிக்கும் நேரம் போய்விட்டது என்று எங்கள் டீமில் ஒருவருக்குக் கவலை.

பழைய_பிஎச்பி | புதன் மாலை 5.05

இதையெல்லாம் வாசித்த பிறகும் கேட்கிறேன். கன்ட்ரோல் சி, மேல் அம்பு, என்டர். மூன்று தட்டல். இதற்கு எதற்கு இவ்வளவு? கையால் எழுப்புகிறவன் எழுப்ப முன் ஒரு தடவை தான் எழுதியதைப் பார்ப்பான். தானாக எழும்பினால் அரைகுறைக் கோட் ஓடும். டேட்டாபேஸில் கை வைக்கிற கோட் என்றால் அந்த அரை நிமிஷமே போதும்.

நாரஹேன்பிட்டி_இரவுப்பறவை | புதன் மாலை 5.30

ஐயா சொல்வதில் பாதி சரி. என் டேர்மினலில் ஒரு காலத்தில் நிமிஷத்துக்குப் பத்துத் தடவை 'அப் விழுந்துவிட்டது, பைல் மாறும்வரை காத்திருக்கிறேன்' என்று வரும். பார்த்தால் விஎஸ் கோட்டில் ஓட்டோ சேவ். டைப் பண்ணுவதை நிறுத்தி ஒரு விநாடி ஆனதும் தானே சேவ் பண்ணும். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு யோசித்தால் போதும், சேர்வர் விழும்.

எதற்கு ஓட்டோ சேவ் போட்டேன்? 2022 கரண்ட் கட். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கட் பண்ணிய காலம். என்னிடம் டெஸ்க்டொப், யூபிஎஸ் செத்துவிட்டது. இரண்டு தடவை வேலை போனதும் ஓட்டோ சேவைப் போட்டேன், பிறகு கழற்ற மனம் வரவில்லை. கழற்றலாம் என்று நினைத்தபோது 2025 பெப்ரவரி 9, பாணந்துறை சப்ஸ்டேஷனில் குரங்கு. நாடு முழுக்க இருட்டு.

இப்போது ஓட்டோ சேவை, எடிட்டரை விட்டு வேறு இடத்துக்குப் போகும்போது மட்டும் சேவ் பண்ணும்படி மாற்றியிருக்கிறேன். பிரவுசரைப் பார்க்கப் போகும்போது சேவ் ஆகும், அதுதானே வேண்டும். குரங்குக்கு யூபிஎஸ் மாற்றினேன்.

கொட்டாஞ்சேனை_அண்ணை | புதன் மாலை 6.15

பிஎச்பி ஐயா, மூன்று தட்டல் என்றீர்கள். தம்பிக்கு அது 20 விநாடி, அரை நாளில் 41 தடவை. கிட்டத்தட்ட 14 நிமிஷம். 14 நிமிஷம் பெரிதல்ல. ஆனால் ஒவ்வொரு 20 விநாடியிலும் பிள்ளை போனை எடுத்துப் பார்க்கிறான், அங்கேயிருந்து திரும்பி வர ஐந்து நிமிஷம். நான் தானாக எழுப்புவது அதற்காகத்தான். டேட்டாபேஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மைக்ரேஷனை (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டை) சேர்வர் எழும்பும்போது ஓடவிடக் கூடாது, அதைக் கையால்தான்.

தானாக எழும்புவது டெவலப்மென்டோடு நிற்கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் லைவ் சேர்வரிலும் நோட்மொன்தான் ஓடியது. கிட் புல் அடித்தால் பைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும், பாதி பழசு, பாதி புதுசாக இருக்கும்போதே சேர்வர் எழும்பும். கஸ்டமர் கோல் எடுப்பதுதான் எங்கள் மொனிட்டரிங்.

ஹட்டன்_பையன் | புதன் இரவு 7.45

தம்பி, நோட்மொன் இல்லாமலும் செய்யலாம். நோட் 18.11இல் இருந்து அதற்குள்ளேயே வாட்ச் என்ற ஒப்ஷன் இருக்கிறது, 22இல் அது சோதனை நிலையைத் தாண்டிவிட்டது. உங்கள் கோட் இம்போர்ட் பண்ணும் பைல்களை மட்டும்தான் பார்க்கும், அதனால் இரவுப்பறவையின் ஜேசன் கூத்து நடக்க வாய்ப்புக் குறைவு. டெம்ப்ளேட் பைலைத் திருத்தினால் எழும்பாது, அது அதன் மறுபக்கம். போல்டரைக் குறித்துச் சொல்லும் வாட்ச் பாத் ஒப்ஷன் மெக்கிலும் விண்டோஸிலும் மட்டும்தான், உங்கள் கொன்டெய்னருக்கு உதவாது.

ஒன்று, இதுவும் கேர்னலைத்தான் நம்பியிருக்கிறது. போல்டர் சி டிரைவில் கிடந்தால் இதற்கும் அதே கதிதான்.

வெள்ளவத்தை_தம்பி | வியாழன் காலை 10.50

மன்னிக்கவும், நேற்று வரமுடியவில்லை. அண்ணை சொன்னபடி இரவு போல்டரை மாற்றினேன். டெஸ்க்டொப்பிலிருந்து இழுத்துப் போடாமல் டபிள்யூஎஸ்எல்லுக்குள் கிட் குளோன் பண்ணினேன், விஎஸ் கோட்டில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷனைப் போட்டு அங்கேயிருந்து திறந்தேன். பெரிய எல்லைக் கழற்றிவிட்டேன். ஃபேன் சத்தமே இல்லை. சேவ் பண்ணியதும் நோட்மொன் ரீஸ்டார்ட் என்று சொல்கிறது.

ஆனால் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறது. 'இன்னும் 1 துணைப் புரோசஸ் முடியக் காத்திருக்கிறேன்' என்ற கருத்தில் ஒரு வரி. முடிவதில்லை. பிரவுசர் டப்பை மூடினால் உடனே முடிந்து எழும்புகிறது! பிரவுசருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கொட்டாஞ்சேனை_அண்ணை | வியாழன் காலை 11.10

நல்லாய்க் கவனித்திருக்கிறாய். சேர்வரை நிறுத்தும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடு. 'முடித்துக்கொள்' என்று புரோசஸுக்குப் போகும் சிக்னலின் பெயர் சிக்டேர்ம், அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும். நோட்மொன்.ஜேசனையும் பார்.

வெள்ளவத்தை_தம்பி | வியாழன் காலை 11.32

கிடைத்தது. சிக்டேர்ம் வந்தால் சேர்வர்.குளோஸ், அது முடிந்த பிறகு புரோசஸ்.எக்ஸிட் என்று எழுதியிருக்கிறது. நோட்மொன்.ஜேசனில் சிக்னல் என்பதற்கு நேரே சிக்டேர்ம்.

கொட்டாஞ்சேனை_அண்ணை | வியாழன் மத்தியானம் 12.05

விளங்கிவிட்டது. நோட்மொன் வழக்கமாக அனுப்புவது சிக்யூஎஸ்ஆர்2. அதை யாரும் பிடிக்காவிட்டால் புரோசஸ் அந்த இடத்திலேயே சாகும். உங்கள் டீமில் யாரோ ஒழுங்காகச் சாகட்டும் என்று சிக்டேர்முக்கு மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். சேர்வர்.குளோஸ் புதிய ஆட்களை உள்ளே விடாது, ஆனால் ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் போகும்வரை காத்திருக்கும். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருக்கும் கஸ்டமரைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி. உன் பக்கத்தில் வெப்சொக்கெட், அதாவது பிரவுசரோடு திறந்தே கிடக்கும் இணைப்பு, இருக்கிறதா?

வெள்ளவத்தை_தம்பி | வியாழன் மத்தியானம் 12.08

இருக்கிறது. நோட்டிஃபிகேஷனுக்கு.

கொட்டாஞ்சேனை_அண்ணை | வியாழன் மத்தியானம் 12.20

அதுதான் போகாத கஸ்டமர். வெப்சொக்கெட் தானாக மூடாது. குளோஸ் ஓல் கனெக்‌ஷன்ஸ் என்று நோட்டில் ஒன்று இருக்கிறது, அதுவும் வெப்சொக்கெட்டாக மாறிவிட்ட இணைப்பைத் தொடாது. ஆகவே சேர்வர்.குளோஸுக்கு முன், வெப்சொக்கெட் கிளையன்ட் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து டேர்மினேட் பண்ணு. அதற்கும் மேலே பாதுகாப்புக்கு, 2 விநாடியில் புரோசஸ்.எக்ஸிட் அடிக்கும் செட்டைம்அவுட் ஒன்று. அந்த டைமரே புரோசஸைப் பிடித்து வைக்காமல் இருக்க அன்ரெஃப் போட மறக்காதே.

டீமின் மெக் ஆட்களுக்கு ஏன் இது வரவில்லை என்று கேட்டுப் பார். வந்திருக்கும், ஒரு வேளை டப்பை மூடிப் பழகிவிட்டார்கள்.

வெள்ளவத்தை_தம்பி | வியாழன் மாலை 4.45

கேட்டேன். 'ஓம், அது அப்படித்தான், டப்பை மூடு' என்றார்கள். ஒரு வருஷமாக மூடுகிறார்களாம்!

நீங்கள் சொன்ன மாற்றத்தை அனுப்பினேன், மேர்ஜ் ஆகிவிட்டது. சேவ் பண்ணி ஒரு விநாடி, ஒன்றரை விநாடியில் புதிய பதில் வருகிறது.

இன்னும் ஒன்றே ஒன்று. என்ஜின்எக்ஸ் வெப் சேர்வரின் கொன்டெய்னருக்கு அதன் கொன்ஃபிக் பைலை மட்டும் தனியாக மவுண்ட் பண்ணியிருக்கிறோம். எங்கள் டீமில் ஒருவர் விம் எடிட்டரில் திருத்தினால், கொன்டெய்னருக்குள் பழைய பைல்தான் தெரிகிறதாம். இதுவும் காவல் பிரச்சினையா?

ஹட்டன்_பையன் | வியாழன் மாலை 5.10

இது காவல் பிரச்சினை இல்லை, இதில் பைலே வேறு. விம் பல நேரம் புதிய பைல் ஒன்றை எழுதிவிட்டுப் பழைய பெயரை அதற்குக் கொடுக்கும். பெயர் அதேதான், ஐநோட் (டிஸ்கில் அந்தப் பைலின் உள் அடையாளம்) வேறு. தனி பைலை மவுண்ட் பண்ணினால் டொக்கர் பிடித்துக்கொள்வது ஐநோட்டை. அதனால் கொன்டெய்னர் செத்த பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். பைலை அல்ல, அது இருக்கும் போல்டரை மவுண்ட் பண்ணச் சொல்லுங்கள். விம்மில் பேக்கப்கொப்பியை யெஸ் என்று வைத்தாலும் பழைய பைலின் மேலேயே எழுதும்.

வெள்ளவத்தை_தம்பி | வெள்ளி மாலை 5.55

போல்டராக மாற்றினோம், சரி வந்துவிட்டது.

எல்லோருக்கும் நன்றி. இன்றைய கணக்கு: கையால் கொன்டெய்னரை எழுப்பியது 1 தடவை. புதிதாக ஒரு பக்கேஜ் போட்டேன், பக்கேஜ்.ஜேசன் மாறியும் கொன்டெய்னருக்கு அது கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை_அண்ணை | வெள்ளி மாலை 6.02

அது கொன்டெய்னரின் அச்சான இமேஜைத் திரும்ப பில்ட் பண்ண வேண்டிய விஷயம் தம்பி. அது கையால்தான்.

பழைய_பிஎச்பி | வெள்ளி மாலை 6.04

பார்த்தீர்களா.